முதல் வரிசை நியூட்ரான்

அந்த மையத்தின் முழுப்பெயரைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதாது. வாசல் பலகையில் பெயர் மூன்று வரிக்கு ஓடுகிறது. நான்காவது வரியில் நோக்கம் எழுதப்பட்டிருக்கிறது: மின்னணுக் கருவிகளை நியூட்ரான் கற்றைக்கு முன்னால் வைத்து, தாங்குகின்றனவா என்று பார்ப்பது. வாசலிலேயே எழுதி வைத்துவிட்டதால், உள்ளே போனபின் அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை. நான் இந்த மையத்தைக் கேலி செய்வதாக யாராவது நினைத்தால், அவர்கள் ஒருமுறை அங்கே போய்வந்துவிட்டு என்னிடம் பேசலாம்.

சூட்டுப்பெட்டிக்காரர் அப்படிப் போய்வந்தவர்தான். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்துக் காக்கும் கண்ணாடிப் பெட்டிகளைச் செய்கிறவர் அவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை, மொத்தம் ஆறு பேர், அதில் ஒருவர் மனைவி. பெட்டியின் உடம்பை இவர் செய்வார். பெட்டிக்கு மூளையாக இருக்கும் சர்க்யூட் பலகைக்கு மனைவி சால்டர் வைப்பார். சண்டை வந்தால், "மூளை என்னோடதுங்க, ஞாபகம் இருக்கட்டும்" என்பார் அந்த அம்மாள். அதற்கு மேல் அந்த வீட்டில் சண்டை நீளாது.

போன வருடம் இவருடைய பெட்டி ஒன்று, ஆம்புலன்ஸ் விமானத்தில், நடுவானில், தானாகவே சூட்டை நிறுத்திக்கொண்டது. கூடப் போன நர்ஸ் குழந்தையை எடுத்துத் தன் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு, விமானம் இறங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். குழந்தை பிழைத்தது. பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. மறுபடி போட்டதும் நல்ல பிள்ளையாக வேலை செய்தது. சூட்டுப்பெட்டிக்காரர் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

விவரம் தெரிந்த ஒருவர் பிறகு விளக்கினார். வானத்திலிருந்து எப்போதும் நியூட்ரான்கள் கொட்டிக்கொண்டிருக்கின்றன. மேலே போகப் போக அதிகம். அதில் ஒன்று பலகையிலுள்ள சிப்பின் மேல் பட்டால், சிப் நினைவில் வைத்திருக்கும் ஓர் எண் வேறு எண்ணாகிவிடும். தடயம் எதுவும் இருக்காது. அணுத்துகள்களை வேகமாக ஓடவிடும் முடுக்கி இருக்கும் மையத்தில் அதே நியூட்ரான்களை அடைமழையாகக் கொட்டவைக்கலாம், வானத்தில் நூற்றுக்கணக்கான வருடம் பறந்தால் படுவது அரைமணி நேரத்தில் பட்டுவிடும்.

அந்த அரைமணி நேரம்தான் சூட்டுப்பெட்டிக்காரருக்குத் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரி புதிதாக இருபது பெட்டிகள் கேட்டிருந்தது, இருபதும் விமானத்துக்கு. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். "மையத்துச் சான்றிதழ் இருந்தா எங்களுக்குப் போதும்" என்று ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. இவருக்குப் போதவில்லை. பெட்டி மறுபடி நிற்குமா நிற்காதா என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். இப்படி ஒரு கெட்ட எண்ணத்தோடு அந்த மையத்துக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்தான்.

வியாழக்கிழமை காலை, வாசலில் போனை வாங்கி ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். சட்டையில் ஒரு பட்டையைக் குத்தினார்கள். அவர் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அந்தப் பட்டை சொல்லுமாம். அதைப் படித்துப் பார்க்காமல் யாரும் வெளியே போகக் கூடாதாம். விரல் ரேகையைப் பதிந்துகொண்டார்கள். 'வருகையாளர் எண் 9' என்று ஒரு அட்டையும் கழுத்தில் ஏறியது. பிறகு அவரை வரிசை அதிகாரியிடம் அனுப்பினார்கள்.

வரிசை அதிகாரி விண்ணப்பத்தைப் பிரித்தார். எதைப் பிரித்தாலும் மூக்குக்கு நேரே பிடித்து ஒரு தடவை முகர்ந்துவிட்டுப் படிக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது.

"பதினோராவது கேள்வியைக் காலியா விட்டிருக்கீங்களே. எத்தனை பிழை வரும்னு எதிர்பாக்கறீங்க?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் சார் வந்திருக்கேன்."

"தெரியாமலா கிளம்பி வந்தீங்க?" வரிசை அதிகாரிக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "இங்க வர்றவங்க எல்லாம் முடிவைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வருவாங்க. இதுவரைக்கும் இருநூத்திப் பன்னிரண்டு கருவி சோதிச்சிருக்கோம். எல்லாமே பூஜ்யம். பூஜ்யம்னே போடுங்க."

"பூஜ்யம் வரலைன்னா?"

"ஏன் சார் வராம இருக்கணும்? எங்க மேல ஏதாவது கோபமா?"

சூட்டுப்பெட்டிக்காரர் பூஜ்யம் என்று எழுதினார். அதிகாரி மலர்ந்து போய், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்துக் காட்டினார். எண் 213. 'மேற்படி கருவி நியூட்ரான்களால் எவ்விதப் பிழைக்கும் ஆளாகவில்லை.' கீழே கையெழுத்து, முத்திரை, நாளைய தேதி.

"சார், சோதனை நாளைக்குத்தானே?"

"ஆமா. கையெழுத்துப் போடறவர் வெள்ளிக்கிழமையானா லீவு. கற்றையோ வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஓடும். சோதனை முடிஞ்சு சான்றிதழுக்கு நீங்க காத்துக்கிட்டு நிக்கக் கூடாதில்லையா? அதான் முன்கூட்டியே போட்டு வச்சிடறது. உங்க வசதிக்குத்தான் பண்றோம்."

மதியம் பாதுகாப்பு வகுப்பு. நடத்தியவரும் வரிசை அதிகாரிதான். மூன்று மணி நேரம் நடந்தது, கடைசியில் பரீட்சை. பத்துக் கேள்விகளில் ஏழு இயக்குநரைப் பற்றியவை: அவர் பெயர், பட்டங்கள், பதவியேற்ற நாள், அறையின் கதவை எத்தனை முறை தட்ட வேண்டும், இந்த மாதிரி. நியூட்ரானைப் பற்றி ஒரே ஒரு கேள்வி இருந்தது. 'நியூட்ரான் கண்ணுக்குத் தெரியுமா?' சூட்டுப்பெட்டிக்காரர் 'தெரியாது' என்று எழுதினார். அரை மதிப்பெண்தான் கிடைத்தது. 'உரிய அனுமதி இல்லாதவர்களுக்குத் தெரியாது' என்பதே சரியான விடை.

வெள்ளிக்கிழமை காலை அவரைக் கற்றை அறைக்குக் கூட்டிப்போனார்கள். சுவர் இரண்டு ஆள் உயரம், அதைவிட அதிக கனம். அதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு ஓட்டை. ஓட்டையிலிருந்து நியூட்ரான் கற்றை வரும். எங்கே படும் என்று காட்ட ஒரு சிவப்பு விளக்கு சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தது. ஓட்டைக்கு எதிரே நீளமாக ஒரு தண்டவாளம், அதன் மேல் பன்னிரண்டு தாங்கிகள். கருவிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும், கற்றை எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும். முதலில் நிற்பதற்குப் புதிய நியூட்ரான். பின்னால் நிற்பவற்றுக்கு மிச்சம் மீதி.

யாருடைய கருவி எங்கே நிற்பது என்று தீர்மானிப்பதுதான் வரிசை அதிகாரியின் வேலை, அவர் வாழ்க்கையும் அதுதான். முதல் தாங்கியில் இயக்குநரின் கருவி, அதாவது மையத்தின் புது வருகைப்பதிவு எந்திரம். இரண்டாவதில் மேலிடத்துச் செயலாளர் அனுப்பிய சுவர்க்கடிகாரம். மூன்றாவதில் ஒரு முன்னாள் தலைவரின் காது கேட்கும் கருவி. நான்காவதில் ஒரு இந்நாள் தலைவருடையது. இந்த இரண்டில் எது முன்னால் என்று முடிவு செய்ய நான்கு மாதம் ஆனதாம், இடையில் முன்னாள் தலைவர் காலமாகிவிட்டாராம். அதனால் அவர் இடம் நிரந்தரமாகிவிட்டது.

சூட்டுப்பெட்டிக்காரரின் பலகை பதினைந்தாவது. தாங்கிகள் பன்னிரண்டுதான். பதின்மூன்றும் பதினான்கும் அறை மூலையில் இருந்தன. பதினைந்தாவதற்கு, கனத்த இரும்புக் கதவுக்கு வெளியே, நடையில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். ஸ்டூலுக்கு மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள்.

"சார், இங்க நியூட்ரான் வராதே?"

"வந்தா எங்களுக்குத்தானே கெட்ட பேரு? கதவு வேற எதுக்குப் போட்டிருக்கோம்?" என்றார் வரிசை அதிகாரி. "உங்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாதுன்னுதான் துணியெல்லாம் விரிச்சிருக்கு."

இயக்குநரைப் பார்க்க வேண்டும் என்று சூட்டுப்பெட்டிக்காரர் பிடிவாதம் பிடித்தார். கதவை ஐந்து முறை தட்ட வேண்டும் என்பது பரீட்சையில் படித்தது; தட்டினார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான். இந்த மாதிரி இடங்களில் எல்லோருமே நல்ல மனிதர்களாக இருந்து தொலைக்கிறார்கள், அதுதான் பெரிய சங்கடம்.

"ஐயா, எல்லாருக்கும் முன்னாடி வேணாம். ஒரு அரைமணி நேரம், கதவுக்கு உள்ள எங்கயாவது. பெட்டிக்குள்ள குழந்தைங்க இருக்குங்க."

"தம்பி, உட்காருங்க. நியூட்ரானுக்குப் பெரியவன் சின்னவன்னு பாக்கத் தெரியாது. எதிர்ல எது இருந்தாலும் அடிக்கும். அதுக்குத் தெரியாதுங்கறதாலதான் நாம தெரிஞ்சு வச்சிருக்கணும். இல்லேன்னா இதுக்கு ஒரு இயக்குநர் எதுக்கு? சுவத்துல ஓட்டை மட்டும் போதுமே."

"முன்னால நிக்கற கருவிதானே ஐயா அதிகமா அடிபடும்?"

"அடிபடாது. அதுக்குச் சான்றிதழ் கொடுத்தாச்சு." இயக்குநர் சுவரைக் காட்டினார். வருகைப்பதிவு எந்திரத்தின் சான்றிதழ், தங்க விளிம்புச் சட்டத்தில், பூட்டிய கண்ணாடிக்குள் தொங்கியது. "பயம் உள்ளவன் சோதிச்சுப் பாத்துட்டுச் சான்றிதழ் கொடுப்பான். நமக்கு நம்ம சான்றிதழ் மேல நம்பிக்கை இருக்கு."

சூட்டுப்பெட்டிக்காரர் வெளியே வந்து, கட்டுப்பாட்டு அறை வாசலில் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றார். உள்ளே கற்றையை ஓட்டும் பெண்மணி, திரைகளுக்கு முன்னால் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். அந்த வளாகத்தில் முடுக்கி எப்படி ஓடுகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான், அதனாலேயே அவரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை.

"மேடம், நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"கற்றையை ஓட்டறது மட்டும்தான் என் வேலை. முன்னால எது நிக்குதுன்னு பாக்கறது என் வேலை இல்லன்னு எழுத்துல கொடுத்திருக்காங்க." ஒரு சுளையை அவரிடம் நீட்டினார். "ஆனா பாத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன், ஆறு வருஷமா. சாப்பிடுங்க."

பதினோரு மணிக்கு வருகைப்பதிவு எந்திரத்தின் சோதனை தொடங்கியது. கருவி வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதனால் எந்திரத்தின் மூளையைக் கற்றைக்கு முன்னால் வைத்து, முப்பது மீட்டர் கேபிள் இழுத்து, விரல் வைக்கும் தட்டையும் பேசும் பெட்டியையும் நடையில் வைத்திருந்தார்கள். ஊழியர்கள் எல்லோரும் பதவிப்படி வரிசையில் நின்றார்கள். ஆனால் இயக்குநரின் விரல் முதல் விரலாக இருந்து ஏதாவது ஷாக் அடித்துவிட்டால்? அதனால் முன்னோட்டமாக ஒரு வருகையாளரை விட்டுப் பார்க்கலாம் என்று வரிசை அதிகாரி யோசனை சொன்னார்.

சூட்டுப்பெட்டிக்காரர் விரலை வைத்தார்.

"வணக்கம், இயக்குநர் அவர்களே" என்றது எந்திரம். "எண் ஒன்று. தங்கள் வருகை பதிவாகியது."

 இயக்குநர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்து தன் விரலை வைத்தார்.

"எண் ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டார். தாங்கள் வருகையாளராகப் பதிந்துகொள்ளவும். காலியாக உள்ள எண் ஒன்பது."

விரலைத் துடைத்துவிட்டு வைத்தார். மோதிரத்தைக் கழற்றிவிட்டு வைத்தார். பிறகு இடது கையை வைத்தார். எந்திரம் ஒவ்வொரு முறையும் மரியாதையாக ஒன்பது என்றே சொன்னது.

கற்றை ஓட்டும் பெண்மணி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "இதுல என்ன இருக்கு? எந்திரம் ஒன்பதை எட்டும் ஒண்ணுமா பிரிச்சுத்தான் வச்சிருக்கும். எட்டு இருந்த இடத்துல ஒரு நியூட்ரான் தட்டிடுச்சு. மிச்சம் ஒண்ணு. எந்திரம் தப்பாச் சொல்லுது, நிறுத்திட்டுப் போட்டா சரியாயிடும்."

"எந்திரம் தப்பாச் சொல்லாது!" வரிசை அதிகாரி பதறிப் போனார். "அதுக்குச் சான்றிதழ் இருக்கு! 'எவ்விதப் பிழைக்கும் ஆளாகவில்லை'ன்னு தெளிவாப் போட்டிருக்கு. எந்திரம் தப்புன்னா சான்றிதழ் தப்பு. அது தப்புன்னா இருநூத்திப் பன்னிரண்டும் தப்பு. வாயை மூடுங்கம்மா."

எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் தன் அறை வாசலுக்குப் போய், சட்டத்துக்குள் தொங்கிய சான்றிதழை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். அந்தப் பேச்சை மையத்தில் இன்றைக்கும் புது ஊழியர்களுக்குப் படித்துக் காட்டுகிறார்கள்.

"நண்பர்களே, இந்த நாற்காலியில் பதினொரு வருடம் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் எந்தக் கருவியையும் நான் சந்தேகப்பட்டதில்லை. இன்றைக்கு என் பதவிக்காகச் சந்தேகப்பட்டால், இதுவரை சந்தேகப்படாததற்கு என்ன அர்த்தம்? ஒரு மனிதன் தப்பாக இருக்கலாம். நானே தப்பாக இருக்கலாம். ஆனால் சான்றிதழ் தப்பாக இருக்க முடியாது. நான்தான் இயக்குநர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பிழை. அதைக் கண்டுபிடித்த எந்திரத்தை மனதாரப் பாராட்டுகிறேன்."

கைதட்டல் கட்டடத்தை அதிரவைத்தது. இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வருகையாளர் அட்டை சூட்டுப்பெட்டிக்காரரின் கழுத்திலிருந்து இயக்குநரின் கழுத்துக்கு மாறியது.

"சார், முதல் உத்தரவு?" என்று வரிசை அதிகாரி குறிப்பேட்டோடு வந்து நின்றார். நின்றது சூட்டுப்பெட்டிக்காரரின் எதிரில்.

அவருக்குத் தலை சுற்றியது. ஆனால் கேட்க வேண்டியதை மட்டும் மறக்கவில்லை. "என் பலகையை முதல் தாங்கியில வைங்க."

"அது முடியாதுங்களே சார். இயக்குநர் தன் சொந்தக் கருவியைச் சோதிக்கக் கூடாது. சுயலாபம் ஆயிடும். விதி நாற்பத்தொண்ணு."

சூட்டுப்பெட்டிக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. ஸ்டூலில் இருந்த பலகையைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பலகையில் இருநூற்று நாற்பது இடங்களில் மனைவி சால்டர் வைத்திருந்தார். கண்வலியோடு வைத்தது.

வரிசை அதிகாரிக்கே மனசு கேட்கவில்லை. விண்ணப்பத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "ஆனா சார், இது உங்க கருவி இல்லையே? 'விண்ணப்பதாரர்: வருகையாளர் எண் ஒன்பது'ன்னுதானே இருக்கு."

எல்லோரும் பழைய இயக்குநர் பக்கம் திரும்பினார்கள்.

"என்னோடதா?" என்றார் அவர்.

"உங்களோடதேதான். ஆனா இன்னும் பாதுகாப்பு வகுப்புக்கு வரலையே நீங்க?"

புது இயக்குநரின் இரண்டாவது உத்தரவால் மூன்று மணி நேர வகுப்பு பத்து நிமிடமானது. பரீட்சையில் பழைய இயக்குநர் தோற்றுப்போனார். 'இயக்குநரின் பெயர் என்ன?' என்ற கேள்விக்குப் பழக்க தோஷத்தில் தன் பெயரை எழுதிவிட்டார். கதவை எத்தனை முறை தட்டுவது என்பதும் அவருக்குத் தெரியவில்லை, பாவம், உள்ளே உட்கார்ந்தே பழகியவர். கருணை மதிப்பெண் போட்டுத் தேற்றினார்கள்.

மூன்றாவது உத்தரவு, வரிசையைத் திருப்பிப் போடுவது. கடைசிக் கருவி முதலில், முதல் கருவி கடைசியில். வரிசை அதிகாரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே. வருகைப்பதிவு எந்திரத்தை நிறுத்தாமலேயே தூக்கிவந்து வெள்ளைத் துணி விரித்த ஸ்டூலில் வைத்தார்கள். பழைய இயக்குநர் பலகையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே போய்ச் சிவப்புச் சிலுவைக்கு நேரே வைத்தார். பதினொரு வருடத்தில் அவர் கற்றை அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. இவ்வளவு குளிராக இருக்குமா என்று கேட்டார்.

சூடேற்றும் கம்பிக்குப் பதிலாகப் பலகையிலிருந்து ஒரு பல்புக்குக் கேபிள் இழுத்து, அதைக் கட்டுப்பாட்டு அறையில் வைத்தார்கள். பலகை சூடு போதாது என்று நினைத்தால் பல்பு எரியும், போதும் என்று நினைத்தால் அணையும். பக்கத்துத் திரையில், பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று பலகை நம்பும் எண் தெரிந்தது. முப்பத்தாறு. கதவு மூடியது. பெண்மணி கற்றையைத் திறந்தார்.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்தாறு, முப்பத்தாறு. பல்பு நிதானமாக எரிந்து எரிந்து அணைந்தது. சூட்டுப்பெட்டிக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பதினோராவது நிமிடம் முப்பத்தாறு நூறாகியது.

"நூறு!" வரிசை அதிகாரி துள்ளிக் குதித்தார். "சார், நூத்துக்கு நூறு!"

பல்பு அணைந்துவிட்டது. திரும்ப எரியவே இல்லை. பெட்டிக்குள் நூறு டிகிரி என்று பலகை நம்பிவிட்டது, பயந்துபோய்ச் சூட்டை நிறுத்திவிட்டது. சூட்டுப்பெட்டிக்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். போன வருடம் விமானத்தில் நடந்தது இதேதான். ஒரு வருடமாகத் தேடிய பதில் எதிரில் நின்றது.

"நிறுத்திட்டுத் திரும்பப் போடுங்க மேடம்."

திரும்பப் போட்டார். முப்பத்தாறு. எட்டு நிமிடம் கழித்து அது நாலாகியது. இந்த முறை பல்பு எரிய ஆரம்பித்தது. நாலு டிகிரிதான் இருக்கிறது, இன்னும் சூடாக்கு, இன்னும் சூடாக்கு என்று பலகை கேட்டுக்கொண்டே இருந்தது. பல்பு அணையவே இல்லை. கண்ணாடி கறுக்கத் தொடங்கியது. 

"இதுக்குள்ள..." என்று ஆரம்பித்தார் வருகையாளர் எண் ஒன்பது.  "இதுக்குள்ள ஒரு குழந்தை இருந்திருந்தா?"

பெண்மணி கற்றையை மூடினார்.

சூட்டுப்பெட்டிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தது.  ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. சரிசெய்ய வழியும் அப்போதே தெரிந்துவிட்டது. அந்த எண்ணை ஒரே இடத்தில் வைக்காமல் மூன்று இடத்தில் வைத்து, இரண்டு எதைச் சொல்கிறதோ அதை நம்பச் செய்ய வேண்டும். மனைவிக்கு இரண்டு வார வேலை. தெரியாமல் இருந்ததுதான் அவரைத் தின்றுகொண்டிருந்தது, வேலை செய்ய அவருக்குப் பயமில்லை.

சான்றிதழ் எண் 213-ஐக் கேட்டு வாங்கினார். இயக்குநர் என்ற முறையில் குறுக்கே ஒரு கோடு போட்டு, 'தேறவில்லை' என்று எழுதினார்.

"சார், அந்த வார்த்தைக்கு நம்மகிட்ட முத்திரை இல்லையே" என்றார் வரிசை அதிகாரி, ஏறக்குறையக் கெஞ்சும் குரலில்.

"பேனா இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

உடனே மனைவிக்குச் சொல்ல வேண்டும். ஆனால் இயக்குநர் மேசையில் இருந்த தொலைபேசி வளாகத்துக்குள் மட்டும்தான் பேசும். வெளியுலகத்தோடு பேசும் தேவை எந்த இயக்குநருக்கும் வந்ததில்லையாம். சட்டையில் குத்திய பட்டையைப் படிக்கிறவர் சனிக்கிழமை காலைதான் வருவார். அதுவரை இயக்குநராகவே இருந்தாலும் வாசலைத் தாண்ட முடியாது. விதி ஒன்பது.

சாயங்காலம் வழக்கம்போல வளாகத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்கள். காலையில் போட்டார்கள். வருகைப்பதிவு எந்திரம் கண் விழித்து, பழைய இயக்குநரின் விரல் பட்டதும் "வணக்கம், இயக்குநர் அவர்களே" என்றது.

சூட்டுப்பெட்டிக்காரர் அறைக்குள் போனபோது மணி ஒன்பதேகால். இயக்குநர் குளித்து, தலை சீவி, தன் நாற்காலியில் இருந்தார். மேசையில் சான்றிதழ் எண் 213 புதிதாக அச்சாகிக் கிடந்தது. கோடு இல்லை, பேனா எழுத்து இல்லை.

"ஐயா, நேத்து எந்திரம் தப்புப் பண்ணிடுச்சுன்னு இப்பவாவது ஒத்துக்கறீங்களா?"

"எங்க தப்புப் பண்ணுச்சு? நேத்து நீங்க இயக்குநர், அது சரி. இன்னைக்கு நான், அதுவும் சரி. ஒரே நாள்ல ரெண்டு பேர்னு சொல்லியிருந்தாத்தான் தப்பு."

"அப்படின்னா நேத்து நான் 'தேறவில்லை'ன்னு போட்ட கையெழுத்தும் சரிதானே?"

"எப்படிங்க சரியாகும்? இன்னைக்கு நீங்க மறுபடி ஒன்பது. பலகை மறுபடி உங்களோடது. உங்க பலகைக்கு நீங்களே கையெழுத்துப் போடலாமா? விதி நாற்பத்தொண்ணு." இயக்குநர் சான்றிதழை அன்போடு அவர் பக்கம் தள்ளினார். "உங்களுக்கு நல்லதுதானே பண்றோம். ஆஸ்பத்திரிக்கும் காலையிலேயே ஒரு நகல் அனுப்பியாச்சு."

 "ஐயா, அந்த பல்பு எரிஞ்சதை நீங்களும்தானே பாத்தீங்க? 'குழந்தை இருந்திருந்தா'ன்னு நீங்கதானே கேட்டீங்க?"

இயக்குநர் ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

"அதைக் கேட்டது வருகையாளர் எண் ஒன்பது" என்றார்.

அதோடு விடவில்லை. ஒரு நாள் இயக்குநராக இருந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது என்று வழியனுப்பு விழா. ஊழியர்கள் எல்லோரும் பதவிப்படி உட்கார்ந்தார்கள். அவருக்குப் பதினைந்தாவது நாற்காலி. இயக்குநர் பேசினார், வரிசை அதிகாரி பேசினார், பேச்சு நன்றாக இருந்தது என்று இன்னொருவர் பேசினார். சுவரில் மணி ஒன்பதே முக்கால், ஒன்பது ஐம்பது. செயலாளர் அனுப்பிய சுவர்க்கடிகாரம் அது. சரியாக ஓடுகிறதா என்பதுகூட அவருக்குச் சந்தேகமாக இருந்தது. மூன்றாவது பேச்சின் நடுவில் எழுந்து, சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவசரத்தைப் பார்த்த கற்றை ஓட்டும் பெண்மணி, பட்டை படிக்கிறவரைக் கையோடு வாசலுக்கு இழுத்து வந்து நிறுத்தியிருந்தார். பட்டையைப் படித்தார்கள். கதிர் எதுவும் படவில்லை. இரும்புப் பெட்டியைத் திறந்து போனைக் கொடுத்தார்கள்.

போன் மூன்றாவது தடவை அடித்ததும் மனைவி எடுத்தார். பின்னால் வேனின் இன்ஜின் சத்தம் கேட்டது.

"எங்கங்க போயிட்டீங்க ரெண்டு நாளா? இங்க வேன் சீக்கிரமே வந்துடுச்சு. பதினேழு பெட்டி ஏத்தியாச்சு, இன்னும் மூணுதான்..."

"ஏத்தாதே. ஏத்தினதையும் இறக்கச் சொல்லு."

"என்னங்க சொல்றீங்க? ஆஸ்பத்திரிக்காரர் கையில நகல் இருக்கு, இப்பத்தான் காட்டினார். சான்றிதழ்தான் கிடைச்சிடுச்சே?"

சூட்டுப்பெட்டிக்காரர் கையிலிருந்ததைப் பார்த்தார். நல்ல கனமான காகிதம், முத்திரை பளபளவென்று இருந்தது.

"கிடைச்சிடுச்சும்மா. அதனாலதான் சொல்றேன், இறக்கு."

 மனைவி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "எல்லாத்தையும் இறக்குங்க" என்று வேன்காரரைப் பார்த்துப் போட்ட சத்தம் இந்த முனை வரைக்கும் கேட்டது.